டாக்டரம்மாவின் சிலேட்

யாரைப் பார்த்தாலும் நாம் முதலில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்போம். டாக்டரம்மா "எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்.

நாய் வாந்தி எடுத்தது என்றால் எத்தனை மணிக்கு. பூனை ஓடிப்போனது என்றால் எத்தனை மணிக்கு. ஒருமுறை எதிர்வீட்டுக்காரர், மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று லட்டை நீட்டினார். டாக்டரம்மா லட்டை வாயில் போட்டுக்கொண்டே "எத்தனை மணிக்கு?" என்றார். பாவம் அந்த மனிதர், முகூர்த்தத்தைத்தான் கேட்கிறார் போலிருக்கிறது என்று "ஆறு டு ஏழரை" என்றார். இவரும் ரொம்பத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்.

இத்தனைக்கும் அவர் கையில் கடிகாரம் கிடையாது. பத்து மணிக்குத் திறக்கவேண்டிய கிளினிக்கைப் பதினொன்றுக்கு முன்னால் திறந்து நான் பார்த்ததில்லை.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு தெருவில், மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கீழே முன்பக்கம் இரண்டு அறைகளில் அவருடைய கிளினிக். தெருவில் எல்லோரும் மாட்டு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். மாடு வந்ததென்னவோ அபூர்வம். நாயும் பூனையும் ஆடும்தான் அதிகம். ஐம்பது வயது இருக்கும். கிளிப்பில் நிற்காத நரைமுடி, பருத்திச் சேலைமேல் பாக்கெட் கிழிந்த வெள்ளைக் கோட்டு, ஹெல்மெட்டைத் தலையிலேயே வைத்துக்கொண்டு ஹெல்மெட்டைத் தேடுகிற ஞாபகசக்தி. இப்போது அந்த இடத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை வந்துவிட்டது. டாக்டரம்மா, மகன் வேலை பார்க்கும் ஊருக்குப் போய்விட்டார். ஆனால் என் மகளை நினைத்தால் கூடவே அவரும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார். நான் ஒரு தாயாக ஆகவே மாட்டேனோ என்று பயந்துகிடந்த மூன்று வாரம் என் வாழ்க்கையில் உண்டு. அந்தப் பயத்தைச் சரியான கேள்வி கேட்டு வெளியே எடுத்தவர் அவர்தான்.

கிளினிக் வாசல் நிலையில் ஒரு ஆணி. அதில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகிற மாதிரி ஒரு சிலேட். வைத்தியம் பார்த்த எல்லா உயிர்களுக்கும் அதில் இடமில்லை. ஈன்ற குட்டியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பிறகு ஏற்றுக்கொண்ட தாய்களுக்கு மட்டும்தான். எந்த வீடு, எத்தனை மணி, அவ்வளவுதான் எழுதுவார். சிலேட் நிறைந்துவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"எதுக்கு டாக்டர் இது?" என்று குடிவந்த புதிதில் கேட்டேன்.

"குட்டி எப்போ பொறந்துச்சுன்னு எல்லாரும் எழுதி வச்சுக்கறாங்க. அம்மாவுக்கு எப்போ பிடிச்சுதுன்னு யாரு எழுதறாங்க?"

அவரிடம் யாரும் குணம் என்ற வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது. திமிர் பிடித்த நாய், ஈவிரக்கமில்லாத பூனை என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். ஒருநாள் செம்பாக்கம் ஏரிப்பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஒருவர் ஒரு லாப்ரடாரையும், பழத்தட்டு மாதிரி ஒரு கூடையில் ஆறு குட்டிகளையும் காரில் கொண்டுவந்தார். அன்று காலை வேறெங்கோ ஆபரேஷன் செய்து எடுத்த குட்டிகள். மனிதர் அழுதுவிடுகிற நிலையில் இருந்தார்.

"பெத்ததையே கடிக்க வர்றா டாக்டர். இவ்வளவு செல்லமா வளர்த்தோம், இவளுக்குள்ள இப்படி ஒரு குணமான்னு..."

"குணத்தை விடுங்க சார். எத்தனை மணிக்கு ஆபரேஷன்?"

"ஒன்பதரை."

"வலிக்கு என்ன ஊசி போட்டாங்க? சீட்டைக் காட்டுங்க."

சீட்டைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. நான் படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன விளக்கம் அப்படியே நினைவிருக்கிறது.

"பிரசவ நேரத்துல மூளை தானே கொஞ்சம் அபின் காய்ச்சும் சார். சிரிக்காதீங்க, நெஜமாத்தான். வலியும் குறையும், குட்டி மேல ஒரு பிடிப்பும் வரும். அந்தச் சரக்கு வந்து உக்கார மூளைக்குள்ள சீட் இருக்கு. இந்த வலி ஊசியும் அதே வகைதான். அது முன்னாடியே ஏறி, துண்டு போட்டு எடம் பிடிச்சுடுச்சு. இவளோட சொந்தச் சரக்கு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

"இப்ப என்ன டாக்டர் பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். ஊசி தாம்பரம் ஸ்டாப்புல எறங்கிடும், வண்டலூர் வரைக்குமெல்லாம் வராது. அதுவரைக்கும் குட்டிங்களுக்குச் சூடு குறையாம பாத்துக்கோங்க. தலையைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குடிக்க வைங்க. அவளைத் திட்ட மட்டும் திட்டாதீங்க."

மறுநாள் காலையில் போன் வந்தது. ஆறு நாற்பதுக்கு நக்க ஆரம்பித்துவிட்டாளாம், ஆறு குட்டியையும் மாற்றி மாற்றி. டாக்டரம்மா சாக்பீஸைத் தேடியது மாடிவரை கேட்டது.

சாயங்காலம் கூட்டம் குறைந்தால் எனக்கும் சேர்த்து டீ சொல்வார். அப்போது எலிக்கதை வரும். "எலிக்கு மார்ஃபின் போட்டா, குட்டி கூட்டுக்கு வெளியில கெடந்து கத்தினாலும் திரும்பிப் பாக்காது. அதை முறிக்கிற மருந்தைப் போட்டா, போய் ஒவ்வொண்ணா வாயில கவ்விட்டு வரும். அதே எலிதாம்மா. மொதல்ல கெட்ட அம்மா, அப்புறம் நல்ல அம்மாவா?"

"அப்ப அபின் நல்லதா, கெட்டதா டாக்டர்?"

"உப்பு நல்லதா, கெட்டதா? உள்ளே ஊறுறதுக்கு எப்போ, எவ்வளவுன்னு தெரியும். ஊசிக்குத் தெரியாது. ஆபரேஷனுக்கு ஊசியும் வேணும்தான். கொஞ்சம் பொறுமையும் வேணும்."

இப்படிப்பட்டவரை அன்னையர் தினத்துக்குப் பேசக் கூப்பிட்டது பக்கத்துத் தெரு அடுக்குமாடிச் சங்கத்தின் தவறுதான். நானும் போயிருந்தேன், ஆறு மாத வயிற்றோடு. தாய்மையின் தியாகம் என்று முன்னால் நான்கு பேர் உருகிவிட்டு உட்கார்ந்தார்கள். இவர் மைக்கைப் பிடித்து, "உங்க எல்லாருக்குள்ளயும் ஒரு அபின் அடுப்பு இருக்கு" என்று ஆரம்பித்தார். "பிள்ளையைத் தூக்கினா அடுப்பு பத்திக்கும். அதனாலதான் பிள்ளை ஸ்கூலுக்குப் போயிட்டா கையும் ஓடல, காலும் ஓடல. நீங்க அதைப் பாசம்கறீங்க. நான் பழக்கம்கறேன்."

முன்வரிசையில் ஒரு மாமி எழுந்துவிட்டார். "அப்ப எங்களையெல்லாம் அபின் பைத்தியம்னு சொல்றேளா?"

"ஆமாங்க. நல்ல சரக்கு."

செயலாளர் ஓடிவந்து, பேச்சு முடிவதற்குள் ஷீல்டைக் கையில் கொடுத்துவிட்டார். காற்றில் அடித்துக்கொள்கிற கிளினிக் கதவுக்கு அன்றிலிருந்து அந்த ஷீல்டுதான் முட்டு. நான் அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் அடுப்பும் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பற்றவில்லை.

எனக்கும் ஆபரேஷன்தான். பாப்பா நன்றாக இருந்தாள், நானும் நன்றாகத்தான் இருந்தேன். அழுதால் தூக்கினேன், பால் கொடுத்தேன், ஏப்பம் வருகிறவரை முதுகைத் தடவினேன். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் யாரோ, "கொஞ்சம் பாத்துக்கோங்க, டிக்கெட் எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஒரு பையை வைத்துவிட்டுப் போனால் எப்படிப் பார்த்துக்கொள்வோம்? பொறுப்பாகத்தான் பார்த்துக்கொள்வோம். ஆனால் கண் வழியிலேயே இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இதை யாரிடம் சொல்வது? சிறுசேரிக்கு வேலைக்குப் போய்விட்டு அலுத்து வருகிற கணவர், பாப்பாவின் காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரப்பாக்கத்திலிருந்து வந்திருந்த என் அம்மா ஆனந்தத்தில் தரையிலேயே நடக்கவில்லை. தினமும் காலையில் எண்ணெய், சோப்பு, வெந்நீர், சாம்பிராணிப் புகை, பவுடர், மை என்று ஒரு மணி நேரம் வைபவம் நடக்கும். என் கைக்கு வரும்போது பாப்பாவிடம் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசனை அடிக்கும். எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் சிரிப்பேன். கீழே இருந்தவரிடமும் சொல்லவில்லை. ஆட்டுக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் போய் எனக்கு என்று எப்படிக் கேட்பது? நான் கெட்டவள், அது ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று மட்டும் உறுதியாக நம்பினேன்.

இருபத்திரண்டாம் நாள். மத்தியானம் அம்மாவும் பாப்பாவும் தூங்க, நான் மெல்ல நடந்து பழகலாம் என்று படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய், அவர் மனைவி, ஒரு செவலை ஆடு, துண்டில் சுற்றிய குட்டி. பக்ரீத்துக்கு வாங்கி, வெட்ட மனசு வராமல் வளர்த்த ஆடு அது. தலைப் பிரசவம்.

"டாக்டரம்மா, பெரிய பேஜாரா பூட்ச்சி" என்றார் பாய். "குட்டி போட்ச்சு, நல்லாத்தான் கீது. ஆனா கிட்ட வுட மாட்டேங்குது. முட்டி முட்டித் தள்ளுது. சீம்பால் ஒரு சொட்டு உள்ள போவல."

"கல்நெஞ்சுக்காரி!" என்று அவர் மனைவி ஆட்டின் முதுகில் ஒன்று வைத்தார். "பெத்த வயிறா இது? இன்னா ஜென்மமோ!"

அடி ஆட்டின் மேல்தான் விழுந்தது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா குட்டியை வாங்கினார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். "என்னங்க இது வாசனை?"

பாய் மனைவிக்கு முகமெல்லாம் பெருமை. "குளிப்பாட்டினேன்க்கா. ஒரே வழவழன்னு கெடந்துச்சு. வெந்நி வச்சி, கொழந்த சோப்பு போட்டு, பவுடர் அடிச்சி... நம்ம வூட்டுப் புள்ளைக்கி இன்னா பண்ணுவனோ அதத்தான் பண்ணேன். ஒரு கொறையும் வைக்கல."

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தார். பிறகு ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பெத்த உடனே இதுக்கு மூளையில அபின் ஊறும், மூக்கு தொறக்கும். அந்த ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல எதை மோந்து நக்குதோ, அதுதான் இதோட குட்டி. நீங்க அந்த வாசனையைக் கழுவிட்டு ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டாந்து குடுத்தீங்க. யார் வீட்டு டப்பா இதுன்னு தள்ளுது. சரி, எத்தனை மணிக்குப் போட்டுச்சு?"

"லுஹர் தொழுகைக்கு நான் கெளம்புறப்போ... மத்தியானம் ஒண்ணு இருக்கும்" என்றார் பாய்.

"நஞ்சுக்கொடி?"

"கறிவேப்பிலைச் செடிகிட்ட பொதச்சுட்டேன்."

"போய்த் தோண்டி எடுத்துட்டு வாங்க."

"இன்னாது!"

"என் வண்டியை எடுத்துக்குங்க. நேரமில்ல பாய், ஓடுங்க."

அத்தனை பெரிய மனிதர், பூப்போட்ட சீட் கவர் மாட்டிய லேடீஸ் ஸ்கூட்டியில் பறந்தார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "இதைக் கொஞ்சம் வச்சுக்கோங்கம்மா" என்று குட்டியை என் மடியில் வைத்துவிட்டார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். அதே சோப்பு, அதே பவுடர். என் மகளின் வாசனை. அதாவது, என் மகளின் வாசனை என்று இருபத்திரண்டு நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்தது.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "டாக்டர், இது வேணும்னே பண்ணுதா?"

"எது?"

"ஆடு."

"இல்லம்மா. நல்லாப் பாருங்க, தரையை மோந்து மோந்து தேடிக்கிட்டேதான் இருக்கு. அதுக்குக் கிடைக்கல, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். பாய் மனைவி தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தார். "உங்களுக்கு எத்தனை மணிக்கு?"

"பாப்பா பொறந்ததா? காலைல பத்து அம்பது."

"அது தெரியும். ஸ்வீட் குடுத்தப்பவே கேட்டுட்டேனே. நான் அதைக் கேக்கல."

"இன்னும் இல்ல டாக்டர்" என்றேன்.

அவர் அதிர்ச்சியடையவில்லை. பாவம் என்றும் பார்க்கவில்லை. கையுறையை எடுத்து ஊதிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு நாப்பது நாள் ஆச்சு. பையன் யார் சாயல்னு ஊரே கேட்டுச்சு. இதை ஒருத்தரும் கேக்கல. நான் ஒரு ராட்சசின்னு நெனச்சுக்கிட்டேன், போங்க." பிறகு, "ஆட்டுக்குத்தான் ரெண்டு மணி நேரக் கெடு. நமக்குக் கதவு மூடாது. மூளைக்குள்ள என்னென்ன நடக்குதுன்னு ஆட்டுக்குச் சொல்ற மாதிரி மனுஷிக்கு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கெட்டவ நல்லவ கணக்கு மட்டும் இதுல கிடையாது. ரெண்டு நாள் அந்தப் பவுடரை நிறுத்திட்டு, பிள்ளையை வெறும் நெஞ்சுல போட்டுக்கிட்டுச் சும்மாப் படுங்க. ரெண்டு வாரத்துல சரியாகலேன்னா, இல்ல அழுகையா வந்துச்சுன்னா, உங்க டாக்டர்கிட்ட கூச்சப்படாமச் சொல்லுங்க. நான் ஆட்டு டாக்டர்."

இருபத்திரண்டு நாளில் முதல்முறையாக நான் மூச்சை முழுசாக இழுத்து விட்டேன்.

பாய் வந்தார், கையில் மண் ஒட்டிய கேரி பேக்கோடு. அதை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். கேம்ப் ரோடு சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் மீன் என்ன விலை என்று விசாரித்தாராம். குட்டியை வெறும் வெந்நீரில் அலசி, அதன் மேலெல்லாம் அந்த நஞ்சுக்கொடியைத் தேய்த்தார் டாக்டரம்மா. "பாய், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றார். பாய் சுவரைப் பார்த்து நின்று, அங்கே ஒட்டியிருந்த வெறிநாய்க்கடி போஸ்டரை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். டாக்டரம்மா கையுறை போட்ட கையால் ஆட்டின் பிரசவ வாசலை உள்ளிருந்து மெதுவாக விரித்துக் கொடுத்தார். இன்னொரு குட்டி வருகிறது என்று உடம்பு நம்பவேண்டுமாம். நம்பினால் மூளை மறுபடியும் அடுப்பைப் பற்றவைக்குமாம். ஆடு முனகியது. இரண்டு மூன்று நிமிடம் போனதும், "இப்ப வைங்க" என்றார். குட்டியை அதன் மூக்கடியில் வைத்தது நான்தான்.

ஆடு முகர்ந்தது. தலையைத் தூக்கியது. முட்டப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம்தான் கேட்டது. வாயைத் திறக்காமல், அடித்தொண்டையிலிருந்து, ம்ம்ம்ம் என்று தாழ்வாக ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், குட்டியின் காதை நக்கிக்கொண்டிருந்தது.

"மணி என்ன? யாராவது மணி சொல்லுங்க!" என்று டாக்டரம்மா கத்தினார். பாய் சுவரைப் பார்த்தபடியே போனை எடுத்து, "நாலு பத்து" என்றார். பாய் மனைவி ஆட்டின் முகத்தைக் கையில் ஏந்தி, "திட்டிட்டேன், மன்ச்சுக்கோ கண்ணு" என்று அழுதார்.

நான் மாடிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன், நாளையிலிருந்து சோப்பு, பவுடர், சாம்பிராணி ஒன்றும் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று.

"யாரு சொன்னா?"

"டாக்டர்."

"எந்த டாக்டர்?"

எனக்குப் பொய் வராது. "கீழ் வீட்டு டாக்டர்."

"மாட்டு டாக்டர் சொல்லி என் பேத்தி குளிக்காம இருக்கணுமா!" என்று ஆரம்பித்தவர், என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, பாதியில் நிறுத்திவிட்டு சோப்பு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. பாப்பா என் நெஞ்சில் கிடந்தாள், நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவள் தலை என் மூக்கடியில் வந்து நின்றது. காதுக்குப் பின்னால் ஒரு வாசனை. புளித்த பாலும் ஈரத்துணியும் கலந்த மாதிரி, சொல்லப்போனால் அப்படியொன்றும் நல்ல வாசனை இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போய் முகர்ந்தேன். திருப்பிக்கொண்டேன். மூன்றாவது முறை போனபோதுதான் கவனித்தேன், யாரும் சொல்லாமல் நானே போய்க்கொண்டிருக்கிறேன்.

ம்ம்ம்ம் என்று ஒரு சத்தம் கேட்டது. என் தொண்டையிலிருந்துதான்.

"என்னடி அது?" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுத்து வலித்தது, அழுகையும் வந்தது, எதுவும் நிற்கவில்லை. இனி யாராவது டிக்கெட் வாங்கிவிட்டேன் என்று வந்து நின்றால் அவர்களைக் கடித்துவிடுவேன் என்று தோன்றியது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன்.

கீழே டாக்டரம்மா அப்போதுதான் வந்து பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட்.

"டாக்டர்!" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் முகம், தோளில் பாப்பா, மறுபடி என் முகம்.

"எத்தனை மணிக்கு?"

நான் உள்ளே எட்டிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்: "பதினொண்ணு பத்து!"

சாயங்காலம் அவளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சிலேட்டில் பாய் வீடு, 4.10. அதற்குக் கீழே, சாக்பீஸை நன்றாக அழுத்தி எழுதியிருந்தார்: மாடி வீடு, 11.10.